ஒரு பானை வெந்நீர்

மார்ச் 4

என் சுண்டெலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனின் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அந்த முட்டி மழைக்கு இரண்டு நாள் முன்பே வலித்துச் செய்தி சொல்லிவிடுகிறது. ரேடியோவை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாங்கள் கடை வைத்திருக்கும் இந்தப் பழைய பஸ் ஷெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், உள்ளே பெரிய உணவுக்கூடம் வரப்போகிறது, அதற்குப் படம் வரைகிற ஆபீஸில் நம் வீட்டுப் பிள்ளை. ஓடிப்போய் மீன்கார அக்காவிடம் சொன்னேன்.

“யாரு, நம்ம ரொட்டித் திருடனா?” என்றாள்.

“அவன் இப்ப கட்டடம் வரையுறவன் அக்கா.”

“அப்ப திருட்டு பெரிசாயிடுச்சுன்னு சொல்லு.”

சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே. அன்று மாலை உனக்கென்று ஒரு மீன் வாலைத் தனியாக எடுத்து வைத்தாள். நீ இந்த ஊரில் இல்லை என்று அப்புறம்தான் நினைவு வந்து உன் அண்ணன் தட்டில் போட்டாள்.

போனில் வேண்டாம் அண்ணி, நீங்கள் பேசுவதைவிடச் சிரிப்பதுதான் அதிகம், எழுதி அனுப்புங்கள் என்றாய். சரி, எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றுபோனவளை, கடை விலைப்பலகையில் சாக்பீஸ் பிடிக்க வைத்தவன் நீ. உனக்கு அப்போது பதினொரு வயது. பாடத்துக்கு ஒரு ரொட்டி என்று பேச்சு. நீ தின்ற ரொட்டிக்கு நான் இந்நேரம் காலேஜ் முடித்திருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பெரிய ஆபீஸில் இருக்கிறாய். இனி உன்னை ‘நீங்கள்’ என்று எழுத வேண்டுமா, ‘நீ’ போதுமா? எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லிவிடு, சாக்பீஸ் போல அழித்து எழுத இது பலகை இல்லை.

உன் அண்ணி

பி.கு. அண்ணன் ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்பாய். கேட்டேன். “ம்” என்றார். அதை அப்படியே அனுப்புகிறேன்.


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது படித்தேன். சிரித்ததில் புரையேறி, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து தலையில் தட்டினார். என்னை ஒரே ஓரிடத்தில் ‘நீங்கள்’ என்று எழுதினாலும் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். விலாசம் மனப்பாடம்: கடை எண் நான்கு, பழைய பஸ் ஷெட். அப்பா, அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தில் கேட்டபோதெல்லாம் அதைத்தானே எழுதிக் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டுகிற கம்பெனி நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இப்போது அங்கே சமைத்து விற்கும் ஒவ்வொரு கடைக்கும் புதிய கூடத்தில் ஓர் இடம் தர வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஏழு கடை, ஏழு இடம். வரைபடத்தில் ஏழையும் என் கையாலேயே போட்டுவிட்டேன்.

எனக்கு இன்னும் ஓர் ஆசை. நீங்கள் ஏழு பேரும் சமைக்கிற அந்தப் பின்னறையையும் அடுப்பையும் இடிக்காமல், கூடத்தின் நடுவில் அப்படியே நிறுத்த வேண்டும். ஆபீஸில் சொன்னால், “செங்கல் அடுப்பில் என்ன இருக்கிறது” என்கிறார்கள். அதில் சமைக்கிறவர்கள் சொன்னால்தான் நம்புவார்கள். பின்னறையில் வேலை எப்படி நடக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். உங்கள் கேலியையும் விட வேண்டாம்.

இது எனக்குக் கிடைத்திருக்கும் முதல் பெரிய வேலை, அண்ணி.

உங்கள் சுண்டெலி


மார்ச் 22

என் சுண்டெலிக்கு,

ஒன்றும் விடாமல் என்றாய். மாவுக் கையோடு எழுதுகிறேன், காகிதத்தில் ஒட்டியிருப்பதையும் சேர்த்துப் படி.

பின்னறை நீளம் என் கைக்குப் பதினாலு முழம், அகலம் ஒன்பது. என் முழம் உன் அண்ணன் முழத்தைவிடச் சின்னது, பார்த்துப் போட்டுக்கொள். பஸ்காரர்கள் இருந்த காலத்தில் அது அவர்களுடைய கேண்டீன் சமையலறை. இந்த ஷெட்டிலேயே புகைபோக்கி இருக்கிற ஒரே இடம். நாங்கள் ஏழு பேர் முன்னால் கடை போட வந்தபோது, தகரக் கூரைக்கு அடியில் ஆளுக்கொரு அடுப்பு வைத்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் கருவாடு ஆகிவிடுவோம் என்று தெரிந்துபோயிற்று. அதனால் முன்னால் ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு பெயர்ப்பலகை. நெருப்பு மட்டும் பின்னால், ஒரே இடத்தில், முறை வைத்து.

விடிந்ததும் முதல் முறை சூப்புக்காரருக்கு. எலும்பு வேக நேரம் வேண்டும். அவர் இறக்கியதும் நான் ரொட்டிக் கல்லைப் போடுவேன். எனக்குப் பிறகு மீன்கார அக்கா. முதலில் மீன் போட்டால் மற்ற ஆறு பேரின் பண்டமும் மீனாகிவிடும், அதனால் அவள் எனக்கு முன்னால் வரக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டது நான்தான். அப்புறம் மற்ற மூன்று கடை. கடைசியாக டீக்காரர், மிச்சத் தணலில் பொழுது சாயும்வரை ஓட்டுவார்.

இன்னொரு வழக்கம், அது உனக்கும் தெரியும். அடுப்பை விட்டுப் போகிறவர், அடுத்து வருகிறவருக்கு ஒரு பானை வெந்நீர் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாவு பிசைய, மீன் கழுவ, சட்டி அலச, எதற்கும் அவர் வந்து காத்து நிற்கக் கூடாது. மறந்தால் தண்டனை உண்டு: அன்றைக்கு ஏழு கடை வெங்காயத்தையும் அவரே உரிக்க வேண்டும். மீன்கார அக்கா இரண்டு முறை உரித்திருக்கிறாள். நான் மூன்று முறை, அதில் ஒரு முறை உன் அண்ணனோடு சண்டை, எப்படியும் அழ வேண்டியிருந்தது. சூப்புக்காரர் மட்டும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. அவர் மனைவி தவறிய காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். எனக்குப் பானையை நிரப்பி அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார். அந்த மனிதர் என்னை ‘வாயாடி’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாவு தீர்ந்தால் யார் டப்பாவிலும் யாரும் கை விடலாம். கேட்கத் தேவையில்லை. யார் கரண்டி யாரிடம் இருக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது.

உன் ஆபீஸ்காரர்களிடம் சொல். இங்கே ஏழு கடை இருக்கிறது என்று யார் சொன்னது? ஒரே அடுப்பு, ஒரே கடை, பெயர்ப்பலகைதான் ஏழு. இதை இடித்துவிட்டு அவர்கள் எதைக் கட்டினாலும் சூடு இருக்காது.

போதுமா? கல் காய்கிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உங்கள் கடிதத்தை நேற்று கூட்டத்தில் வாசித்தேன். கம்பெனியிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். கருவாடு என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சூப்புக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற இடத்தில், கம்பெனியின் பெண் மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை யாரும் கற்பனை பண்ண முடியாது” என்றார். என் அதிகாரி முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

உங்கள் கடிதத்தை அப்படியே நகல் எடுத்து, அறிக்கையின் பின்னால் சேர்த்துவிட்டோம். உங்கள் கையெழுத்தோடு, ஒட்டியிருந்த மாவோடு. மாவு கொஞ்சம் கறுப்பாக விழுந்திருக்கிறது.

நான்காம் கடை ஜன்னல் ஓரம். அண்ணன் உட்கார, சுவரோடு சேர்த்து ஓர் இருக்கை வரைந்திருக்கிறேன், முட்டி மடங்காத உயரத்துக்கு. தரைக்கு என்ன நிறம் வேண்டும்?

உங்கள் சுண்டெலி


மே 6

என் சுண்டெலிக்கு,

தரைக்கு என்ன நிறமானாலும் பரவாயில்லை, மாவு விழுந்தால் தெரியாத நிறமாகப் பார். உன் கடிதத்தைப் பின்னறையில் நின்று சத்தமாகப் படித்தேன். கண்ணாடி துடைத்த கதையைக் கேட்டு சூப்புக்காரர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “ஊர்ல இருக்கறவன் கதையெல்லாம் ஒனக்கு எதுக்கு, வாயாடி” என்றார். கோபம் இல்லை. அன்று என் பானையில் வெந்நீர் விளிம்புவரை இருந்தது.

அண்ணனிடம் இருக்கையைப் பற்றிச் சொன்னேன். “ம்” என்றார். ஆனால் மறுநாள் ஒரு குச்சியை வைத்துத் தன் முட்டி உயரத்தை அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, பெருக்குவது போல நடித்தார்.

இங்கே இப்போதே சண்டை ஆரம்பம். புதுக் கூடத்தில் மீன் கடைக்குப் பக்கத்தில் யார் என்று. “எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டே இத்தனை வருஷம் என் மீனைத் தின்னீங்களா?” என்று அக்கா கேட்கிறாள். கடைசியில் நான் ஒத்துக்கொண்டேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் நாடாவும் நோட்டுமாக வந்தார். கடை அளப்பார் என்று நாங்கள் பலகையெல்லாம் துடைத்து வைத்திருந்தோம். அவர் ஒன்றையும் அளக்கவில்லை. ஒவ்வொரு கடையாக நின்று ஒரே கேள்வி கேட்டார்: “உங்கள் அடுப்பு எங்கே?” ஏழு பேரும் பின்னறையைக் கைகாட்டினோம். எழுதிக்கொண்டு போய்விட்டார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. டீ குடிக்காத ஆளை எனக்கு நம்பப் பிடிக்காது. உனக்குத் தெரிந்தவராக இருந்தால் நான் இப்படிச் சொன்னேன் என்று சொல்லாதே.

நீ எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது. வேலை அதிகமா?

உன் அண்ணி


ஜூன் 17

என் சுண்டெலிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தது. ஏழு கடைக்கும் ஏழு உறை, உள்ளே ஒரே கடிதம். டீக்காரர்தான் தினமும் பேப்பர் படித்துச் சொல்கிறவர், அவரே பின்னறையில் நின்று படித்தார். அந்தத் தமிழ் எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் ஒரு வரி வந்தது. அதை இங்கே பார்த்து எழுதுகிறேன்:

“மேற்படி வளாகத்தில் வணிகம் செய்வோருள் ஒருவரே எழுத்து மூலம் தெரிவித்துள்ளபடி, ‘ஒரே அடுப்பு, ஒரே கடை, பெயர்ப்பலகைதான் ஏழு’ என்பதாலும், நேரடி ஆய்விலும் அது உறுதி செய்யப்பட்டதாலும், ஒப்பந்தப்படி ஒரு கடைக்கு மட்டுமே இடம் ஒதுக்க இயலும்.”

உன்னிடம் மறைப்பானேன். அந்த வரியைக் கேட்டதும் நான் சிரித்தேன். என் பேச்சு டீக்காரர் வாயில் வந்ததும், ‘அட, இது நான் எழுதினது’ என்று ஒரு சந்தோஷம். சிரித்துவிட்டு நிமிர்ந்தால் ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம்தான் டீக்காரர் மிச்சத்தைப் படித்தார்.

சூப்புக்காரர் கேட்டார்: “ஏழு பேரு ஒரு அடுப்புல சமைச்சா ஒரு கடைன்னா, ஏழு பேரு ஒரே ஆத்துல குளிச்சா ஒரே உடம்பா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். நான் மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை.

இது உனக்குத் தெரியாமல் நடந்திருக்கும். உன் கண்ணில் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய். அவர்களிடம் சொல், அது விளையாட்டுக்கு எழுதினது, ஆசையில் எழுதினது. ‘ஊரே என் வீடு’ என்று ஒருத்தன் சொன்னால் அவன் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்களா? சீக்கிரம் எழுது. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு மற்ற ஆறு கடையும் வேலையை நிறுத்திவிட்டு என் கடையைப் பார்க்கிறது.

உன் அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியிலேயே எனக்குத் தெரியும். கம்பெனி வக்கீல் அறிக்கையைப் படித்துவிட்டு, உங்கள் வரியின் கீழே கோடு போட்டு அனுப்பினார். தனி அடுப்பு இருந்தால்தான் தனிக் கடை என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை. அடுப்பைக் காப்பாற்றத்தான் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அது மட்டும் உண்மை.

அன்றே வாயைத் திறந்திருக்கலாம். வரைபடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒன்று மட்டும் முடிந்தது. ஒதுக்கப்படும் அந்த ஒரு கடையை அண்ணன் பெயரில் போடச் சொல்லி வாங்கியிருக்கிறேன். ஜன்னல் ஓரம், இருக்கையோடு. படிவம் இணைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மற்றவர்களிடம், குலுக்கலில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணி, நீங்களாவது நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

படிவம் வந்தது. கையெழுத்து இல்லாமல் இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உடனே திருப்பி அனுப்பினேன் என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். இரண்டு நாள் வைத்திருந்தேன். ஜன்னல் ஓரம் என்று எழுதியிருந்தாய். அண்ணனுக்கு முட்டி மடங்காத இருக்கை என்று எழுதியிருந்தாய். இந்த வயதில் வேறெங்கே போய்க் கல்லைப் போடுவது என்று நினைத்தேன். குலுக்கல் என்ற சொல்லையும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். யார் கண்ணிலும் படாமல் மாவு டப்பாவுக்குள், மாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

யார் டப்பாவிலும் யாரும் கை விடலாம் என்று நானேதான் உனக்கு எழுதினேன். மூன்றாம் நாள் மீன்கார அக்காவுக்கு மாவு தீர்ந்துவிட்டது. மீனில் தடவ ஒரு பிடி எடுக்கக் கையை விட்டாள். கையோடு வந்தது உன் படிவம்.

அவள் சத்தம் போடவில்லை. அதில் படிந்திருந்த மாவை ஊதிவிட்டு, டீக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும், “திருட்டு பெரிசாயிடுச்சுன்னு அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றாள். அவ்வளவுதான். மாவு எடுக்காமல் போய்விட்டாள்.

சூப்புக்காரர் என் பக்கம் திரும்பினார். “எழுதினது நீ. கடை கெடைச்சது ஒனக்கு. இதுல புரியாம போக என்ன இருக்கு?” என்றார். வாயாடி என்று சொல்லவில்லை. வெறும் ‘நீ’.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதம், வக்கீல் போட்ட கோடு, எல்லாம். அடுப்பைக் காப்பாற்றத்தான் கொடுத்தேன் என்று நீ எழுதிய வரியைப் படித்தே காட்டினேன். படிக்கத் தெரிந்தவள் எதையும் படித்துக் காட்டலாம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

உன் அண்ணனிடம் படிவத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த முறை ‘ம்’ இல்லை. “நம்ம பேரு இருக்கு. அவங்க பேரு இல்ல. திருப்பிக் குடு” என்றார். குச்சியை எடுத்து அடுப்பில் போட்டார். முட்டி அளந்து வைத்திருந்த குச்சி.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடை வேண்டாம். அது போனது போனதுதான், கம்பெனியோடு நீ மல்லுக்கு நிற்க முடியாது என்று எனக்கும் தெரியும். நீ ஒரு நாள் வா. பின்னறையில் நின்று, உன் வாயால், அண்ணி எழுதியது எனக்கு, கொண்டுபோய்க் கொடுத்தது நான், கடையை வாங்கியதும் அவள் கேட்டு இல்லை என்று அந்த ஆறு பேரிடம் சொல். திட்டுவார்கள். திட்டினால் ஒரு வேளை சாப்பாடும் போடுவார்கள். அவர்களோடுதான் நான் இனியும் இந்த ஊரில் நடமாட வேண்டும். காலி செய்யச் சொன்ன நாள் செப்டம்பர் இருபத்தெட்டு. அதற்குள் எந்த நாள் வந்தாலும் சரி.

உன் அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படிவத்தை ஒப்படைத்துவிட்டேன். அந்த இடத்தை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். இப்போது அஸ்திவார வேலைக்கான படங்கள் முடியும் கட்டம், ஒரு நாள்கூட நகர முடியவில்லை. தவிர, நான் அங்கே வந்து கடைக்காரர்களிடம் பேசியது கம்பெனிக்குத் தெரிந்தால் சரியாக இருக்காது. எனக்கும் இங்கே பிழைப்பு இருக்கிறது. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

பின்னறையை நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்தக் கதை அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த வெந்நீர்ப் பானையைக் கூடத்தின் வாசலில் காட்சிக்கு வைக்கலாம் என்கிறார்கள். காலி செய்யும்போது யாரும் எடுத்துப் போய்விடாமல் அதை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி


செப்டம்பர் 30

கட்டடம் வரைகிறவர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அண்ணன் நலம்.

நேற்று முன்தினம் காலி செய்தோம். சாயங்காலம்வரை நேரம் கொடுத்திருந்தார்கள், அதனால் கடைசி நாளும் ஏழு பேரும் முறை வைத்துச் சமைத்தோம். யாரும் பேசி முடிவு பண்ணவில்லை, அவரவர் நேரத்துக்கு அவரவர் வந்தார்கள். நீங்கள் வருவீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ஏழரை மணி பஸ் வெளியே ரோட்டில் வந்து நின்றபோது வாசலைப் பார்த்தேன். ஒன்பது மணி பஸ்ஸுக்கும் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை.

சூப்புக்காரர் எப்போதும் போல விடிந்ததும் வந்து சமைத்து இறக்கியிருந்தார். நான் மாவோடு பின்னறைக்குப் போனேன். பானை கவிழ்ந்திருந்தது. மறந்திருந்தால் பானை நிமிர்ந்து இருக்கும். கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கவிழ்த்து வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அவரை வெங்காயம் உரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் மாவு பிசைந்தேன். ரொட்டி விறைப்பாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நான் முடித்துவிட்டு மீன்கார அக்காவுக்கு வெந்நீர் வைத்தேன். அவள் வந்து, அதைக் கீழே கொட்டாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, குழாயில் பிடித்துக்கொண்டாள். கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. அதை வைத்து நான் கொஞ்ச நாள் ஓட்டுவேன்.

எல்லோரும் போனபிறகு நானும் உங்கள் அண்ணனும்தான் இருந்தோம். அவர் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விலைப்பலகையையும் எடுத்துப்போகலாமா என்று கேட்டார். யாராவது அதில் சாக்பீஸால் எதையாவது எழுதிவிடுவார்கள், வேண்டாம் என்றேன்.

நீங்கள் பானையைக் கேட்டிருந்தீர்கள். வைத்திருக்கிறேன். அடுப்பின் மேலேயே இருக்கும், தேட வேண்டியதில்லை. காலியாக வைத்துவிட்டு வர எனக்குக் கை வரவில்லை. எங்களுக்கு அடுத்து அந்த இடத்துக்கு வருகிறவர் நீங்கள். போகிறவர் வருகிறவருக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மிச்சத் தணலைக் கூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிவிட்டு வந்தேன். நீங்கள் வந்து சேர்கிறபோது ஆறியிருக்கும்.

உங்களை ‘நீங்கள்’ என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இதில் நிறைய இடத்தில் எழுதியிருக்கிறேன். தாராளமாக அனுப்புங்கள். கடை எண் நான்கு, பழைய பஸ் ஷெட்.

உங்கள் அண்ணனின் மனைவி